மானியத் திட்டத்தில் ஆளணியின் நேரப் பங்கைக் குறைப்பதற்கு யாரிடம், எப்போது அனுமதி கேட்க வேண்டும்?

சாம்பல்தீவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஆய்வுத் திட்டமொன்றின் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். பதவிசிறிபுரப் பகுதியின் கிணற்று நீரையும் அங்குள்ள சிறுநீரக நோயையும் சேர்த்து ஆராயும் ஐந்தாண்டுத் திட்டம் இது; இப்போது இரண்டாம் ஆண்டு. பணம் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்திலிருந்து, அதாவது என்.ஐ.எச். இலிருந்து வருகிறது. ஆனால் மானியம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது. எங்கள் கையில் இருப்பது அவர்களுடன் செய்துகொண்ட உப ஒப்பந்தம் மட்டுமே.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மூன்று மாற்றங்கள் ஒன்றாக வருகின்றன. எங்கள் பக்கத்து ஆய்வுப் பொறுப்பாளர் சேர் துறைத் தலைவராக நியமிக்கப்பட்டுள்ளதால், தனது நேரத்தில் 30 வீதமாக இருந்த திட்டப் பங்கை 20 வீதமாகக் குறைக்க விரும்புகிறார். புள்ளிவிபரப் பகுதியைப் பார்க்கும் இணை ஆய்வாளர் மிஸ் பெப்ரவரியில் மகப்பேற்று விடுமுறையில் செல்கிறார். முழு நேரமாக இருந்த களப்பணி ஒருங்கிணைப்பாளர் பாதி நேரத்தை வேறொரு திட்டத்துக்குக் கொடுக்கப் போகிறார்.

பொறுப்பாளர் சேரின் நிலைப்பாடு, மொத்தப் பாதீடு மாறாதபோது யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை என்பது. நிதியாளர் பிரிவோ, ஒருவரின் ஒரு மணித்தியாலம் மாறினாலும் வாஷிங்டனின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வேதனக் கொடுப்பனவை விடுவிக்க முடியாது என்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குபவள் நான். இதில் எது சரி?


உவர்மலை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. ஓய்வுபெறும்வரை மானியக் கணக்குகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சேரும் தவறு, நிதியாளர் பிரிவும் தவறு. வாஷிங்டன் என்பதும் தவறு, என்.ஐ.எச். இருப்பது மேரிலாண்ட் மாநிலத்தின் பெதெஸ்டாவில்.

அமெரிக்க மத்திய அரசின் மானியங்கள் அனைத்துக்கும் பொதுவான விதித்தொகுப்பில், 2 சி.எஃப்.ஆர். 200.308 என்ற பிரிவு முன் அனுமதி தேவைப்படும் மாற்றங்களைச் சொல்கிறது. ஆளணியைப் பொறுத்தவரை அதில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. மானியத்தில் பெயராலோ பதவியாலோ குறிக்கப்பட்ட முக்கிய ஆளணி மாறுவது ஒன்று. அனுமதிக்கப்பட்ட முதன்மை ஆய்வாளர் மூன்று மாதங்களுக்கு மேல் திட்டத்திலிருந்து விலகியிருப்பது, அல்லது திட்டத்துக்கு அவர் ஒதுக்கிய நேரம் 25 வீதத்தால் குறைவது மற்றொன்று. என்.ஐ.எச். தனது மானியக் கொள்கையில் இந்த இரண்டாவது விதியைச் சற்று விரித்து, முதன்மை ஆய்வாளருக்கு மட்டுமன்றி, மானிய அறிவித்தலில், அதாவது மானியம் வழங்கப்பட்டதை அறிவிக்கும் அதிகாரபூர்வ ஆவணத்தில், பெயர் குறிப்பிடப்பட்ட ஏனைய முக்கிய ஆய்வாளர்களுக்கும் பொருத்துகிறது. அங்கே அளவுகோல் தொடர்ச்சியாக மூன்று மாதமோ அதற்கு மேலோ இல்லாமலிருப்பது, அல்லது தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட அளவிலிருந்து 25 வீதமோ அதற்கு மேலோ குறைவது.

ஆகவே முதலில் நீங்கள் திறக்க வேண்டியது பாதீட்டு அட்டவணையை அல்ல, மானிய அறிவித்தலை. அதில் யாருடைய பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பத்தில் பத்துப் பேரை முக்கிய ஆளணி என்று எழுதியிருக்கலாம். அறிவித்தலில் இரண்டு பேரின் பெயர் மட்டும் இருக்கலாம். நிதி வழங்குநரின் விதி பிடிப்பது அந்த இருவரை மட்டுமே. அதன் பிறகு உப ஒப்பந்தத்தின் இணைப்புகளைப் பாருங்கள். தலைமைப் பல்கலைக்கழகம் தன் பாதுகாப்புக்காக உங்கள் பக்கத்தில் வேறு சிலரையும் முக்கிய ஆளணியாக எழுதியிருந்தால், அவர்களைப் பற்றிய மாற்றத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் எழுத்துமூல இணக்கம் வேண்டும். இரண்டிலும் இல்லாதவர்களின் நேரத்தை மாற்றுவது உங்கள் உள்வீட்டு அலுவல். ஆய்வின் நோக்கமோ எல்லையோ மாறாதவரை யாரிடமும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை.


நிலாவெளி எழுதியது:

உவர்மலை சேர் சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், இந்தக் கணக்கில் முன் அனுமதி எங்கே வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. 30 வீதத்திலிருந்து 20 வீதம் என்றால் குறைவது பத்து. விதி சொல்வது இருபத்தைந்து. எங்கள் துறையில் இதைவிடப் பெரிய மாற்றங்களை யாரும் எழுதிக் கேட்டதில்லை.


உவர்மலை எழுதியது:

இந்த ஒரு குழப்பத்தினால் வந்த கடிதப் போக்குவரத்தை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். 25 வீதம் என்பது ஒருவருடைய முழு வேலை நேரத்தில் 25 அல்ல. திட்டத்துக்கு அவர் கொடுப்பதாகச் சொன்ன பங்கில் 25. என்.ஐ.எச். கொள்கையே ஓர் உதாரணம் தருகிறது: 40 வீதம் கொடுத்தவர் 30 வீதமாகவோ அதற்குக் கீழாகவோ குறைத்தால் அனுமதி வேண்டும். அங்கே குறைவதும் உங்கள் கணக்கில் பத்துத்தான்.

ஆள்-மாதத்தில், அதாவது ஒருவரின் ஒரு மாத முழு வேலை நேரத்தை ஓர் அலகாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 30 வீதம் என்பது ஆண்டுக்கு 3.6 ஆள்-மாதம், 20 வீதம் என்பது 2.4. குறைவது 1.2, அது 3.6 இன் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 வீதம். 3.6 இல் முக்கால் பங்கு 2.7 ஆகையால், அந்தக் கோட்டைத் தொட்டாலே கேட்க வேண்டும். அவருடைய பெயர் அறிவித்தலில் இருந்தால் இதில் விவாதத்துக்கு இடமில்லை.


நிலாவெளி எழுதியது:

கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு வழி இருக்கிறதல்லவா? வரும் ஆண்டில் 2.8 ஆகக் குறைக்கலாம். அது 22 வீதம். அடுத்த ஆண்டில் 2.8 இலிருந்து 2.4 ஆக்கலாம், அது 14 வீதம். எந்த ஆண்டிலும் கோட்டைத் தொடவில்லை.


உவர்மலை எழுதியது:

தம்பி, அந்தக் கதவை அவர்கள் முன்னமே பூட்டிவிட்டார்கள். ஒப்பிட வேண்டியது சென்ற ஆண்டோடு அல்ல; போட்டி முறையில் மானியம் முதன்முதலில் வழங்கப்பட்ட ஆண்டில் அனுமதித்த அளவோடு. எத்தனை படியாக இறங்கினாலும் 3.6 இலிருந்துதான் எண்ண வேண்டும். இரண்டாம் படியில் 2.4 ஐத் தொடும்போது அதே 33 வீதம் வந்து நிற்கும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2.8 என்று எழுதிவிட்டு, துறைத் தலைவர் கூட்டங்களுக்கு நடுவில் 2.4 அளவுக்கே வேலை செய்தால், பதிவேட்டில் இருப்பது பொய். அனுமதி கேட்காமல் விட்டது நடைமுறைப் பிழை. ஒரு கடிதத்தோடு திருத்திவிடலாம். செய்யாத வேலைக்கு வேதனம் ஏற்றியது அப்படிப்பட்டதல்ல.


பாலையூற்று எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் திட்டத்தில் விரிவுரையாளர்கள் மானியத்திலிருந்து ஒரு சதமும் எடுப்பதில்லை. அவர்களுடைய வேதனம் திறைசேரியிலிருந்து வருகிறது. பாதீட்டில் அவர்களின் பெயருக்கு எதிரே பூச்சியம்தான். அப்படியானவர்களுக்கு இந்த 25 வீதக் கதையெல்லாம் பொருந்துமா?


உவர்மலை எழுதியது:

நல்ல கேள்வி. நம் நாட்டில் அநேகமான இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. விதி பிடிப்பது பணத்தை அல்ல, வாக்கை. விண்ணப்பத்தில் ஆண்டுக்கு இரண்டு ஆள்-மாதம் தருவேன் என்று எழுதி, அவருடைய பெயரும் அறிவித்தலில் வந்துவிட்டால், அந்த நேரத்துக்கு வேதனம் எங்கிருந்து வந்தாலும் குறைப்புக் கணக்கு ஒன்றுதான். வேதனம் பெறாத நேரத்தையும் மற்றத் திட்டங்களின் நேரத்தையும் விரிவுரை நேரத்தையும் கூட்டினால் நூறு வீதத்தைத் தாண்டக்கூடாது. நான் இருந்த காலத்தில் ஒரு பேராசிரியரின் எல்லா விண்ணப்பங்களையும் ஒருநாள் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ஆண்டுக்குப் பதினாறு மாதம் வந்தது.

முக்கிய ஆளணிக்குப் பூச்சியம் என்றோ, தேவைப்படும்போது என்றோ நேரம் எழுதுவதை என்.ஐ.எச். ஏற்பதில்லை. பாதீட்டில் பூச்சிய ரூபாய் இருக்கலாம். பூச்சிய நேரம் இருக்க முடியாது.


சாம்பல்தீவு எழுதியது:

சேர் சொன்னபடி ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். மானிய அறிவித்தலில் இரண்டு பெயர்கள் மட்டுமே இருக்கின்றன: அமெரிக்காவிலுள்ள முதன்மை ஆய்வாளரும் எங்கள் பொறுப்பாளர் சேரும். புள்ளிவிபர மிஸ்ஸின் பெயர் அதில் இல்லை. ஆனால் உப ஒப்பந்தத்தின் இணைப்பில் முக்கிய ஆளணி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. களப்பணி ஒருங்கிணைப்பாளரின் பெயர் எங்குமே இல்லை.

மிஸ்ஸைப் பற்றி இன்னொரு சந்தேகம். அவர் எடுப்பது 84 நாள் விடுமுறைதான். அது மூன்று மாதத்துக்குக் குறைவுதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள்.


கந்தளாய் எழுதியது:

அந்த இடத்தில் கவனம் தங்கச்சி. அரச துறையில் முழு வேதனத்துடன் கிடைக்கும் அந்த 84 நாட்கள் வேலை நாட்கள். சனியும் ஞாயிறும் பொது விடுமுறைகளும் அதில் எண்ணப்படுவதில்லை. வாரத்துக்கு ஐந்து நாளாகப் போட்டாலே ஏறத்தாழ பதினேழு வாரம் வருகிறது. பெப்ரவரியில் தொடங்கினால் இடையில் போயா நாட்களும் சித்திரைப் புத்தாண்டும் மே தினமும் வந்து அதை இன்னும் நீட்டும். நாட்காட்டியில் நான்கு மாதத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகு அரை வேதன விடுமுறையும் கேட்டால் இன்னும் கூடும். மூன்று மாத எல்லையை அவர் தாண்டுகிறார் என்றே வைத்து எழுதுங்கள்.

விடுமுறைக்கே அனுமதி கேட்கிறோம் என்று அவர் மனம் நோகாதபடி விளக்கிச் சொல்வதும் நல்லது. விடுமுறை அவருடைய உரிமை. அதில் தலைமைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் கேட்பது, அந்த மாதங்களில் புள்ளிவிபர வேலையை யார் செய்வார் என்பதை மட்டும்.


நிலாவெளி எழுதியது:

அந்த மூன்று மாத விதியைப் படித்ததும் எனக்கே பயம் பிடித்துவிட்டது. ஐப்பசியிலிருந்து மார்கழி முடியும்வரை வாடைக்காற்று மழையில் நாங்கள் களத்துக்கே போவதில்லை. வீதிகளில் வெள்ளம் நிற்கும். கிணற்று மாதிரியை எடுத்தாலும் அது மழைநீர் கலந்த மாதிரி. அப்படியானால் ஆண்டுதோறும் மூன்று மாதம் திட்டத்திலிருந்து விலகியிருக்கிறோம் என்றாகிவிடாதா?


உவர்மலை எழுதியது:

ஆகாது. களத்துக்குப் போகாமல் இருப்பதும் திட்டத்திலிருந்து விலகியிருப்பதும் வேறு. மழைக்காலத்தில் அறைக்குள் இருந்து தரவைச் சரிபார்க்கிறீர்கள், ஆய்வுகூட முடிவுகளை ஒப்பிடுகிறீர்கள், அறிக்கை எழுதுகிறீர்கள். எல்லாம் திட்ட வேலைதான். ஆள்-மாதம் என்பது பாதீட்டு ஆண்டு முழுவதற்குமான கணக்கு. பங்குனியில் 50 வீதமும் கார்த்திகையில் 10 வீதமும் கொடுத்து ஆண்டு முடிவில் சொன்ன அளவுக்கு வந்தால் குறைப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் கார்த்திகையின் நேரப் பதிவில் 10 என்றுதான் இருக்க வேண்டும்.


கந்தளாய் எழுதியது:

நேரப் பதிவு என்றதும் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். இடத்தின் பெயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு மானியத்தில் நான் கணக்கு உதவியாளன். ஆய்வு உதவியாளர் ஒருவரை முழு நேரமாகத் திட்டத்தில் ஏற்றியிருந்தோம். இடைநடுவில் அவரைப் பாதி நேரம் வேறு வேலைக்குத் திருப்பினார்கள்; யாரும் கணக்குப் பிரிவுக்குச் சொல்லவில்லை. அவர் பெயர் குறிப்பிடப்பட்ட ஆளல்ல. ஆகவே முன் அனுமதி எதுவும் தேவைப்பட்டிருக்காது. உள்ளுக்குள் ஒரு குறிப்பு எழுதி வேதனத்தை இரண்டாகப் பிரித்திருந்தால் விடயம் முடிந்திருக்கும்.

கணக்காய்வுக்கு வந்த அம்மா பன்னிரண்டு மாத நேரப் பதிவுத் தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் ஒரே நீலப் பேனா. கையொப்பத்தின் கடைசிக் கோடு பன்னிரண்டிலும் ஒரே சரிவு. ஒரே இருப்பில் போட்டது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அவர் ஒன்றும் பேசாமல் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி அருகில் வைத்தார். தைப்பொங்கல் அன்று எட்டு மணித்தியாலம். வெசாக் போயா அன்று எட்டு மணித்தியாலம். உதவியாளர் காய்ச்சலில் வாட்டில் படுத்திருந்த நான்கு நாளும் எட்டு எட்டாகப் போட்டிருந்தது. அந்த ஆண்டுக்கான பாதி வேதனத்தை மட்டுமல்ல, நம்பத்தகுந்த பதிவு இல்லையென்று முழு வேதனத்தையும் ஏற்க மறுத்தார்கள். துறையின் சேமிப்பிலிருந்து அதைத் திருப்பிக் கட்டினோம்.

ஆகவே களப்பணி ஒருங்கிணைப்பாளர் விடயத்தில் அனுமதி தேவையில்லை என்பதைப் பதிவும் தேவையில்லை என்று யாரும் வாசித்துவிடக் கூடாது.


உவர்மலை எழுதியது:

கந்தளாய்க்காரர் சொன்னதற்கு விதியும் இருக்கிறது. அதே தொகுப்பின் 200.430 ஆம் பிரிவின்படி, வேதனச் செலவு உண்மையில் செய்த வேலையைக் காட்டும் பதிவுகளின் மேல் நிற்க வேண்டும். பாதீட்டு மதிப்பீட்டை இடைக்காலத்தில் பயன்படுத்தலாம். ஆனால் மதிப்பீடு மட்டும் ஆதாரமாகாது, பின்னர் உண்மையோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். பிழையாக ஏற்றிய தொகையை மற்றத் திட்டத்துக்கு மாற்றுவதானால், பிழை தெரியவந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று என்.ஐ.எச். எதிர்பார்க்கிறது.

அனுமதி கேட்கும் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். உப ஒப்பந்தக்காரர் என்.ஐ.எச். க்கு நேரடியாக எழுதக் கூடாது. நீங்கள் எழுதுவது தலைமைப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே கையொப்ப அதிகாரம் பெற்ற அலுவலர் என்.ஐ.எச். க்கு அனுப்புவார். மாற்றம் நடப்பதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் கோரிக்கை என்.ஐ.எச். இடம் போய்ச் சேர வேண்டும். இரண்டு அலுவலகங்களைத் தாண்ட வேண்டியிருப்பதால் உங்கள் மேசையிலிருந்து அது குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன் புறப்படட்டும். பதில் மானிய முகாமைத்துவ அலுவலரிடமிருந்து எழுத்தில் வந்தால்தான் அனுமதி. மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் நிகழ்ச்சித்திட்ட அலுவலர் தலையாட்டினார், மின்னஞ்சலில் நல்லது என்று எழுதினார் என்பதெல்லாம் கோப்பில் நிற்காது.


பேராதனைவீதி எழுதியது:

ஒப்பீட்டுக்காக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்திலிருந்து வருகிறது. அங்கே இந்த 25 வீதக் கோடு இல்லை. வேதனத்தை நாள் கணக்கில் கேட்கிறோம். ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 215 நாட்கள். பாதீட்டுத் தலைப்புகளுக்கிடையே பணத்தை நகர்த்துவதற்குப் பொதுவாக ஒப்பந்தத் திருத்தம் வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தின் பணி விபரம் பெரிதாக மாறினால் வேண்டும். ஒவ்வொருவரும் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற மாதாந்தப் பிரகடனத்தில் அவரும் மேலாளரும் ஒப்பமிடுகிறோம்.

அமெரிக்காவுக்குள்ளேயே, தேசிய விஞ்ஞான மன்றமான என்.எஸ்.எஃப். மூத்த ஆளணிக்குத் தனது எல்லா மானியத்திலும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு மாத வேதனம் என்று பொதுவாக வரையறுக்கிறது. ஆனால் மானியம் கிடைத்த பிறகு, ஆய்வின் நோக்கம் மாறாதவரை, நிறுவனம் தன் பாதீட்டு அதிகாரத்தில் ஆள்-மாதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆகவே ஒரு நிதி வழங்குநரின் விதியை மற்றவரின் கோப்பில் ஒட்டாதீர்கள். உங்கள் நிதியாளர் பிரிவு எல்லாவற்றுக்கும் கடிதம் கேட்பது இப்படியொரு பழைய ஒட்டுதலால் இருக்கலாம்.


சாம்பல்தீவு எழுதியது:

சேர்மாருக்கும் அண்ணாமாருக்கும் மிக்க நன்றி. இன்று பொறுப்பாளர் சேரிடம் 3.6, 2.7, 2.4 என்ற மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, 2.8 என்று போட்டால் என்ன என்று அவரும் கேட்டார்! நிலாவெளிக்காரருக்குச் சொன்ன பதிலையே சொன்னேன். சிரித்துவிட்டு, உண்மையாகத் தன்னால் முடிந்தது 2.4 தான், அதையே எழுதுங்கள் என்றார்.

கடிதத்தின் முக்கியப் பகுதி இது, குறையிருந்தால் சொல்லுங்கள்:

“எமது நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பாளர் துறைத் தலைவராக நியமிக்கப்பட்டமையால், எதிர்வரும் ஜனவரி முதல் திட்டத்துக்கான அவரது நேரப் பங்கு ஆண்டுக்கு 3.6 ஆள்-மாதத்திலிருந்து 2.4 ஆள்-மாதமாகக் குறைவதற்கு அனுமதி கோருகின்றோம். ஆய்வின் நோக்கங்களில் மாற்றமில்லை. கள மேற்பார்வையில் அவர் செலவிட்ட நேரத்தைத் திட்டத்தில் ஏற்கெனவே உள்ள சிரேஷ்ட விரிவுரையாளர் ஏற்றுக்கொள்வார்.”


உவர்மலை எழுதியது:

நன்றாக இருக்கிறது. இரண்டு இடங்களைத் திருத்துங்கள். ஏற்றுக்கொள்வார் என்பதோடு நிறுத்தாமல், சிரேஷ்ட விரிவுரையாளரின் பங்கு எத்தனையிலிருந்து எத்தனையாக உயர்கிறது என்று எழுதுங்கள். பங்கு கூடுவதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அவருடைய மற்றத் திட்டங்களையும் கூட்டிப் பன்னிரண்டு மாதத்துக்குள் நிற்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். அவருடைய சுயவிபரத்தையும் பிற நிதியுதவி விபரத்தையும் கேட்பதற்கு முன்னரே இணைத்துவிடுங்கள். குறைந்த 1.2 மாதத்தின் வேதனம் எங்கே போகிறது என்பதும் ஒரு வரியில் வேண்டும். மிஸ்ஸின் விடயத்துக்குத் தனிக் கடிதம். அது தலைமைப் பல்கலைக்கழகத்தோடு முடிகிற அலுவல், இதோடு கலந்தால் இரண்டும் பெதெஸ்டாவரை போய்த் தேங்கும்.


சாம்பல்தீவு எழுதியது:

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மிஸ்ஸின் கடிதத்துக்கு ஆறாம் நாளே இணக்கம் வந்துவிட்டது. பதில் ஆளாகச் சொன்ன முதுமாணி மாணவருக்கு வழிகாட்டுபவர் யார் என்று மட்டும் கேட்டார்கள். பொறுப்பாளர் சேரின் கோரிக்கை தலைமைப் பல்கலைக்கழகத்தின் ஒப்பத்தோடு என்.ஐ.எச். க்குப் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அவர் 3.6 க்குரிய நேரத்தையே கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே துறைக் கூட்டமொன்று தள்ளிப்போனது.

களப்பணி ஒருங்கிணைப்பாளரின் நேரப் பதிவுத் தாளில் இப்போது இரண்டு நிரல்கள், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒன்று. வெள்ளிதோறும் பின்னேரம் அவரே நிரப்பி ஒப்பமிடுகிறார். சென்ற வாரம் போயா நாளுக்கு எதிரே இரண்டு நிரலிலும் கோடு போட்டிருந்தார். நிதியாளர் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, அந்த இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார்கள்.